எல்ம்வேல் மாகாணத்தின் ஒரு வாக்காளர்

சிவமணி அக்கா மெல்பர்னுக்கு வந்தது 1971ஆம் ஆண்டின் கடைசியில். அவருடைய கணவர் இந்திரகுமார் இலங்கையில் வீதிப் பொறியியலாளராக இருந்தவர். இங்கே மாநில அரசின் வீதித் திணைக்களம் ஒன்றில் வேலை கிடைத்து, ஒரு வருடம் முன்னதாகவே வந்து மல்கிரேவுக்குத் தெற்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். காய்கறித் தோட்டங்களை வெட்டி மனைகளாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. வீட்டின் பின்வேலிக்கு அப்பால் இன்னும் கோலிஃபிளவர் விளைந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் தெரு முழுக்கச் சேறு.

வந்து சில மாதங்களில் வாக்காளர் பதிவு அதிகாரி ஒருவர் கதவைத் தட்டினார். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பிரிட்டிஷ் பிரஜை, ஆகவே பெயரைப் பதிய வேண்டும், வாக்குப் போடாவிட்டால் அபராதம் என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகிவிட்ட ஊரிலிருந்து வந்தவரை இந்த ஊர் மறுபடி பிரிட்டிஷ்காரி ஆக்கியிருந்தது.

அந்த அதிகாரிதான் விளக்கமும் சொன்னார். மாநிலப் பாராளுமன்றத்துக்கு இரண்டு சபைகள். கீழவைக்குச் சின்னத் தொகுதி, ஒரே உறுப்பினர். மேலவைக்குப் பல தொகுதிகளைச் சேர்த்து ஒரு பெரிய மாகாணம். எங்களுடையது எல்ம்வேல் மாகாணம். அதற்கு இரண்டு உறுப்பினர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல் வரும், ஒரு தேர்தலில் ஒருவர், அடுத்த தேர்தலில் மற்றவர் என்று மாறி மாறித் தெரிவாவார்கள். அதனால் ஒருவர் உள்ளே போனால் ஆறு வருடத்துக்கு யாரும் அசைக்க முடியாது.

"எங்கட நாட்டில இப்பதான் மேல்சபையை இழுத்து மூடினவை. நான் இஞ்ச வந்தா இஞ்ச ஒண்டு இருக்கு" என்று பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் வைதேகி. சென்னையிலிருந்து வந்து 1974 தொடக்கத்தில் அதே தெருவுக்குக் குடிபோனவள். அந்தத் தெருவில் தமிழ் பேசும் வீடுகள் எங்கள் இரண்டும்தான். முன்னால் நடந்ததை அக்கா சொல்லிக் கேட்டேன். பிறகு நடந்ததில் பாதிக்கு மேல் கூடவே இருந்தேன்.

அக்கா முதன்முதலாக வாக்குப் போட்டது 1973இல். வாக்குச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் கட்சிக்காரர்கள், வேட்பாளர்களுக்கு எந்த விருப்ப வரிசையில் எண் போடுவது என்று காட்டும் அட்டைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேலவைக்கு ஆளுங்கட்சி சார்பில் நின்றவர் மிஸ்டர் ஹொப்வுட். இருபது வருடத்துக்கு மேலாக அவர்தான் உறுப்பினர். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் அவருடைய மாமனார். அதற்கும் முன்னால், நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே மேலவைக்கு வாக்குப் போட முடிந்த காலத்தில், அதே வட்டாரத்து மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர். எல்ம்வேல் முழுவதும் ஆப்பிள் மரமும் பசு மாடுமாக இருந்தபோது வரைந்த எல்லைக்குள் இப்போது பிஸ்கற் தொழிற்சாலையும் மோட்டார் தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான புது வீடுகளும் வந்துவிட்டன. உறுப்பினர் மட்டும் மாறவில்லை.

அட்டை நீட்டிய மனிதரிடம் அக்கா கேட்டிருக்கிறார்: "இவரை எங்கே பார்க்கலாம்?"

"எதற்காகப் பார்க்க வேண்டும்?" என்றாராம் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. வரிசையில் நின்ற ஒருவரும் ஹொப்வுட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர் எப்போதும்போல வென்றார்.

எங்கள் தெருவையும் மறுபக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் பிரித்துக்கொண்டு ஒரு நெடுஞ்சாலை போனது. டண்டினொங் தொழிற்சாலைகளுக்குப் போகும் லொறிகள் எல்லாம் அந்த வழிதான். கடக்க ஒரு கோடுகூட இல்லை. 1974 குளிர்காலத்தில், எங்கள் அடுத்த வீட்டு கார்மெலா, மால்ட்டாவிலிருந்து வந்தவர், பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு வேன் இடித்துக் கால் முறிந்து வீதியோரம் கிடந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தன் மடியில் தலையைத் தாங்கியிருந்தது சிவமணி அக்கா. அக்கா அப்போது நகரசபை நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது அதுதான்.

அன்று மாலையே எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சேலையில் இரத்தக் கறை அப்படியே இருந்தது.

"வைதேகி, அந்த ரோட்டில கலர் லைற் போட வேணும். பெட்டிசம் ஒண்டு எழுதப் போறன்."

"எழுதலாம் அக்கா. ஆனா ரோடு போடறது உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்தானே?" என்றேன்.

"ஓம். அதுதான் அவருக்கு இன்னும் சொல்லேல்ல."

சொன்னபோது என்ன நடந்தது என்பது வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கே கேட்டது. இந்திரகுமார் அண்ணன் சத்தம் போடுகிற ஆளே அல்ல. அன்று போட்டார். "என்ர ஒபிசுக்கு எதிரா என்ர மனுசி பெட்டிசம் குடுக்கிறதோ? மணி, நான் இஞ்ச வந்து எத்தினை நாள்? என்னை என்னெண்டு பாப்பினம்?" அக்காவின் பதில் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டார். கார்மெலாவின் கணவர், கிரேக்கக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று தெருவெல்லாம் கையெழுத்துப் போட்டது.

பாராளுமன்றத்துக்கு மனு கொடுக்க வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர்தான் அதைச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். கீழவை உறுப்பினர் இனிமையாகப் பேசி, பொறுத்திருங்கள் என்றார். மாகாணத்தின் இரண்டு மேலவை உறுப்பினர்களில் ஒருவர் வெளிநாட்டுப் பயணம் போயிருந்தார். மிச்சம் ஹொப்வுட். அவருக்கு மாகாணத்தில் அலுவலகமும் இல்லை. தொலைபேசிப் புத்தகத்தில் வீட்டு முகவரி மட்டும் இருந்தது. மாகாணத்தின் மறு எல்லையில், மலையடிவாரத்தில்.

அக்கா ஒரு சனிக்கிழமை ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய், மிச்ச தூரத்தைக் குடையோடு நடந்தார். ஏணியில் ஏறி நின்று ஆப்பிள் மரத்துக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்த உயரமான கிழவர் ஒருவர், பழம் பறிக்கும் வேலை மாசியில்தான் என்று மேலிருந்தே சொன்னாராம்.

"நான் வேலைக்கு வரவில்லை. நான் உங்கள் வாக்காளர்" என்றார் அக்கா.

ஹொப்வுட் ஏணியிலிருந்து இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றினார். தோட்டத்துக்குத் தேடி வந்த வாக்காளர் என்று யாரையும் அவருக்கு ஞாபகமில்லை. அடுப்பங்கரையில் வைத்து மனு முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, "அந்த வீதி எனக்குத் தெரியும். அங்கே அவ்வளவு வாகனம் போகாதே" என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அக்கா கேட்டார். அவர் யோசித்தார். அவருக்கு ஞாபகம் இருந்த வீதியில் தார்கூட இல்லை, வெறும் சரளைக்கல் போட்டிருந்தது.

"அப்படியானால் வந்து பாருங்கள்."

வந்தார். அடுத்த வாரமே, தொழிற்சாலை விடும் நேரத்தில், கோட்டும் தொப்பியுமாக எங்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். என் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். மூன்று பேருமாகக் கடக்கப் பார்த்தோம். நடுவில் அகப்பட்டு, இரண்டு பக்கமும் லொறிகள் காற்றை அடித்துக்கொண்டு போக, அவர் தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். மறுகரை போய்ச் சேர்ந்ததும் பள்ளிக்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மனு மேலவையில் வைக்கப்பட்டது. அமைச்சர் தட்டிக் கழித்தார். ஹொப்வுட் தன் சொந்தக் கட்சி அமைச்சரிடமே மறுபடியும் கேட்டார். அதற்கும் பதில் வராமல் மூன்றாம் தடவையும் எழுந்து கேட்டார். அது பத்திரிகையில் ஒரு சின்னப் பத்தியாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு இந்திரகுமார் அண்ணனை அவருடைய மேலதிகாரி கூப்பிட்டார்.

"மனுவில் முதலாவது பெயர் உங்கள் மனைவியுடையதா?"

"ஆம்."

"அவரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

வீட்டில் அத்தனை சத்தம் போட்ட மனிதர் அங்கே என்ன சொன்னார் தெரியுமா? "அவவுக்குத் தனி வோட் இருக்கு, சேர். அதில நான் தலையிட ஏலாது" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொன்னார், சோற்றைப் பிசைந்தபடி, பெரிய விஷயமில்லை என்பதுபோல. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினார். அந்த மேலதிகாரி ஒன்றும் செய்யவில்லை. வீதியில் சிவப்பு, பச்சை விளக்கு 1976இல் எரிந்தது.

அதற்கு அடுத்த வருடம் இலங்கையில் கலவரம் வந்தது. கொழும்பில் வங்கியில் வேலை பார்த்த அக்காவின் அண்ணன் வரதராஜாவின் வீட்டை எரித்துவிட்டார்கள். குடும்பம் அகதி முகாமில் இருந்து, கப்பலில் யாழ்ப்பாணம் போனது. செய்தி வந்த பிறகும் பல நாட்கள் அக்கா நூலகத்துக்குப் போய்வந்தார். பிறகு ஒரு நாள் என்னிடம், "நான் ஹொப்வுட்டிட்டப் போட்டு வாறன்" என்றார்.

அண்ணன் குடும்பத்தை இங்கே வரவழைக்க உதவி கேட்கத்தான் போனார். ஆனால் குடிவரவு மத்திய அரசின் விஷயம். மாநில மேலவைக்காரருக்கு அதில் ஒரு அதிகாரமும் இல்லை. ஹொப்வுட் அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் மத்திய பாராளுமன்ற உறுப்பினரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பதில் வராதபோது நேரில் போய் அவருடைய வாசலில் உட்கார்ந்தார். 1978இல் வரதராஜா, மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் மெல்பர்ன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை வடையும் பாயாசமும் எடுத்துக்கொண்டு எல்லோரும் ஆப்பிள் தோட்டத்துக்குப் போனார்கள். ஹொப்வுட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வரதராஜா அழுதுவிட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்த மணல்குழி விவகாரம் வந்தது.

எங்கள் தெருவின் கீழ்ப்பக்கம் பழைய மணல் தோண்டிய குழி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. தொழிற்சாலைகளின் கழிவுத் திரவத்தை அதில் கொட்ட அரசாங்கம் அனுமதி கொடுத்தது. டாங்கர் லொறிகள் வரத் தொடங்கின. பின்னேரங்களில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ஜன்னல் திறக்க முடியாது. கார்மெலாவின் கோழிகள் செத்தன. என் மகனுக்கு விடாத இருமல். அக்கா வழக்கம்போல ஹொப்வுட்டை வரவழைத்தார். அவர் வந்தார், குழியின் விளிம்பில் நின்றார், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். "பார்க்கிறேன்" என்றார்.

அனுமதியை நிறுத்தி வைக்கக் கோரும் பிரேரணை ஒன்றை எதிர்க்கட்சி மேலவையில் கொண்டுவந்தது. ஹொப்வுட் தன் கட்சியோடு சேர்ந்து அதற்கு எதிராக வாக்களித்தார். பிரேரணை தோற்றது.

அக்கா தொலைபேசியில் ஏன் என்று கேட்டார். கழிவை எங்காவது கொட்டத்தானே வேண்டும் என்று அமைச்சர் விளக்கியதாகவும், நிலத்தடி நீரைப் பரிசோதிப்பதாக வாக்குக் கொடுத்ததாகவும், அதை நம்பிக் கட்சிக்குத் தன் சொல்லைக் கொடுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். அக்கா நன்றி சொல்லி ரிசீவரை வைத்தார்.

1979 மே மாதம் தேர்தல். ஹொப்வுட்டின் ஆறு வருடம் முடிந்திருந்தது. எதிர்க்கட்சி நெவில் டோரன் என்ற டெக்னிக்கல் ஸ்கூல் ஆசிரியரை நிறுத்தியது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த நாற்றத்தை அவரும் முகர்ந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் பேசத் தெரியாது. கூட்டத்தில் நின்றால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும்.

ஹொப்வுட்டின் கட்சியிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. வாக்குச்சாவடி வாசலில் அவருடைய அட்டைகளைக் கொடுக்க முடியுமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அன்று மாலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். வரதராஜாவும் இருந்தார்.

"யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி? அந்த மனுசன் இல்லாட்டி என்ர பிள்ளையள் இண்டைக்கு எங்க இருந்திருக்குங்கள்?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுமோ? இது நன்றி கெட்ட வேலை. சனம் காறித் துப்பும்."

"அண்ணை, அவர் எனக்குச் செய்த உதவிக்கு நான் சாகும் வரைக்கும் கடமைப்பட்டிருக்கிறன். சமைச்சுக் குடுக்கிறன், சுகமில்லாட்டிப் போய்ப் பாக்கிறன். ஆனா வோட் எண்டது எனக்கு மட்டும் உரிய சாமானில்லை. கார்மெலாவுக்கும் வைதேகியின்ர பெடியனுக்கும் சேத்துத்தான் நான் போடுறன்."

வரதராஜா எழுந்து போய்விட்டார். இந்திரகுமார் அண்ணன் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்சம் பொறுத்து, "எண்டாலும் மணி, அந்தாளுக்குத் தெரியாமச் செய்யாத" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விடுவியே?"

நான் அப்போது கார் ஓட்டப் பழகியிருந்தேன். "வர்றேன் அக்கா" என்றேன்.

சித்திரை மாதம். பறித்த ஆப்பிள்கள் பெட்டி பெட்டியாகக் கொட்டகையில் இருந்தன. ஹொப்வுட் எங்களைக் கண்டதும் மகிழ்ந்து, தேநீருக்குப் பழைய கெற்றிலை அடுப்பில் வைத்தார். மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். அக்கா உட்காரவில்லை.

"மிஸ்டர் ஹொப்வுட், நான் இந்தத் தடவை உங்களுக்கு வாக்குப் போடப் போவதில்லை. டோரனின் அட்டைகளைத்தான் வாசலில் நின்று கொடுக்கப் போகிறேன். நீங்கள் வேறு யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது என்று வந்தேன்."

ஹொப்வுட் கொதித்த கெற்றிலை அடுப்பிலிருந்து இறக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழியா?" என்றார்.

"ஆம்."

"உங்கள் அண்ணனின் விஷயத்தில் நான்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "இல்லை. அதை நான் சொல்லக் கூடாது."

"நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நேற்று முழுவதும் அதைத்தான் நினைத்தேன்" என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "நீங்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் அந்த விளிம்பில் நின்று மூக்கைப் பொத்திய பிறகும் எதிராகக் கை தூக்கினீர்களே."

அவர் தேநீரை ஊற்றினார். மூன்று பேரும் குடித்தோம். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்தவர், "எனக்குக் கோபம்தான், மிஸஸ் இந்திரகுமார். அதை மறைக்கப் போவதில்லை" என்றார். அக்கா தலையாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

தேர்தல் நாள் காலையிலிருந்து மாலைவரை அக்கா பள்ளிக்கூட வாசலில் நின்றார். மழையில் கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலை ஈரமாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் ஹொப்வுட்டின் அட்டைகளோடு வரதராஜா நின்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மத்தியானம் இந்திரகுமார் அண்ணன் சாப்பாடு கொண்டுவந்து, இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் விருப்பு வாக்குகளையெல்லாம் எண்ணி முடிக்க நாட்கள் சென்றன. டோரன் மிகச் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். மாமனார் காலத்திலிருந்து ஹொப்வுட்டின் குடும்பத்தில் இருந்த இடம் கைமாறியது. முடிவை அறிவித்த இடத்தில் ஹொப்வுட் டோரனின் கையைக் குலுக்கினார். அக்கா நின்ற பக்கம் வரவில்லை.

புதிய உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். அவரால் எதையும் உடனே நிறுத்த முடியவில்லை. லொறிகள் வந்துகொண்டுதான் இருந்தன. குளிர்காலத்தின் முடிவில் தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். டோரன் வழக்கம்போலக் கழுத்துச் சிவக்கப் பேசினார். அமைச்சர் மேலவையில் உண்மையில் என்ன வாக்குக் கொடுத்தார் என்று யாரோ கேட்டதும் தடுமாறினார். அப்போது அவர் அங்கே உறுப்பினராக இல்லையே.

"நான் சொல்கிறேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஹொப்வுட் எழுந்து நின்றார். அவர் வந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. நீர்ப் பரிசோதனை செய்வதாக அமைச்சர் தனக்கு உறுதி சொன்னதையும், தேர்தலுக்கு முன் இரண்டு முறை கேட்டும் முடிவு காட்டப்படவில்லை என்பதையும், பரிசோதனை நடந்ததாகவே இப்போது தான் நம்பவில்லை என்பதையும் அவர் நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டோரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மேலவையில் அவர் கேட்ட கேள்விக்கு அமைச்சரிடம் பதில் இல்லை. பத்திரிகைகள் எழுதின. ஆண்டு முடிவதற்குள் குழியின் வாசலைப் பூட்டினார்கள்.

அன்று கூட்டம் கலைந்ததும் அக்கா தேநீர்க் கோப்பையோடு பின்வரிசைக்குப் போனார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே காருக்கு நடக்கும்போது வரதராஜா, தேர்தலுக்குப் பிறகு முதல் தடவையாக, தங்கையோடு வாய் திறந்தார்.

"அந்தாளுக்கு உன்னோட கோவமில்லையோ?"

"கோவம்தான் அண்ணை" என்றார் அக்கா. "எண்டாலும் இண்டைக்கு வந்தவர்தானே."

வரதராஜா காரின் முன்கதவைத் திறந்து, தங்கை ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.